உப்பு சோப்பு: அச்சும் வேண்டும், அளவும் வேண்டும்

மரபுச் சந்தை, விதைத் திருவிழா, இயற்கை அங்காடி என்று எங்கே போனாலும் இப்போது ஒரு சோப்புக் கடை இருக்கிறது. குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ சோப்பு, வேப்பிலை சோப்பு என்று நீளும் அந்த வரிசையில் உப்பு சோப்பும் சேர்ந்துவிட்டது. நம்ம ஆட்கள் சோப்பு செய்யக் கற்றுக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். நானும் தென்னை விவசாயி. எங்கள் வீட்டுக்கும் சொந்தபந்தங்களுக்கும் தேவையான சோப்பை சில ஆண்டுகளாக வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சோப்பை நாம் செய்கிற விதத்திலும், அதைப் பற்றிப் பேசுகிற விதத்திலும் எனக்கு இரண்டு மாற்றுக் கருத்துகள் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கருத்து, கம்பெனி சோப்பைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது. இரண்டாவது, "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்கிற பேச்சை இன்றோடு நிறுத்திக்கொள்வோம் என்பது.

உப்பு சோப்பு ஏன் நமக்குப் பொருத்தம்?

கொப்பரை விலை நம் கையில் இல்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பும் நம் கையில் இல்லை. விலை ஏறும்போது காய் இருக்காது, காய் இருக்கும்போது விலை இருக்காது. நாம் காயாக விற்பது எங்கோ போய் எண்ணெயாகி, சோப்பாகி, கவர்ச்சியான உறையோடு நம்ம ஊர் மளிகைக் கடைக்கே திரும்பி வருகிறது. நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். கிராமத்தின் மூலப்பொருள் கிராமத்திலேயே பண்டமாக வேண்டும் என்று ஜே.சி. குமரப்பா வாழ்நாள் முழுக்கச் சொன்னது இந்தச் சுற்றை உடைக்கத்தான்.

சோப்பில் எத்தனையோ வகை இருக்க, உப்பு சோப்பை ஏன் சொல்கிறேன்? ஏனென்றால் இது தேங்காய் எண்ணெய் இல்லாமல் சரியாக வராத சோப்பு. மற்ற எண்ணெயில் செய்த சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது. தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் கடல் தண்ணீரிலும் நுரைக்கும். கப்பலில் போகிறவர்கள் ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் சோப்பையே நம்பியதற்கு அதுதான் காரணம். சோப்புக்குள்ளேயே உப்பைக் கொட்டினாலும் நுரை தாங்கி நிற்பது அந்த எண்ணெயால்தான். எண்ணெய்க்கு நம்ம தோப்பு இருக்கு. உப்புக்குத் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் இருக்கு. இறக்குமதிப் பாமாயில் ஒரு சொட்டும் தேவையில்லை.

உப்பு சேர்ந்ததால் கட்டி கல் மாதிரி இறுகும், சீக்கிரம் கரைந்து போகாது. நுரை பொங்காது, பால் மாதிரி வரும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் எந்தச் சோப்பும் திரிதிரியாகப் படியத்தான் செய்யும். உப்பு சோப்பும் அதற்கு விலக்கல்ல.

கணக்கை எடையில் போடுங்க

ஆறு, ஏழு காய் உடைத்தால் ஒரு கிலோ கொப்பரை. அதில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். ஆக, ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 10, 11 காய். அந்த ஒரு கிலோவை வைத்தே கணக்குச் சொல்கிறேன்.

ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாவதற்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோவுக்கு 183 கிராம். ஆனால் தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கை எடுப்பதில் கெட்டிக்காரன். தோலில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்து உருவிவிடும். அதனால் உப்பு சோப்புக்குச் சோடாவை 20 சதவீதம் குறைத்து 146 கிராம் போடுகிறோம். சோப்பாகாமல் மிஞ்சுகிற எண்ணெய் தோலை வறளவிடாது. தண்ணீர் 290 கிராம். தூள் உப்பு 500 கிராம். உப்பை எண்ணெயின் எடைக்குச் சமமாகப் போடுகிறவர்களும் உண்டு. புதிதாகச் செய்கிறவர்களுக்குப் பாதி எடை போதும்.

எல்லாமே எடைக் கணக்கு. லிட்டர் கணக்கு இங்கே உதவாது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். லிட்டரைக் கிலோ என்று நினைத்துச் சோடா போட்டால் நீங்கள் விட்டுவைக்க நினைத்த எண்ணெய் குறைந்துபோகும். ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் சின்ன மின்னணுத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீங்க. குழந்தைகளும் ஆடு மாடும் வராத, காற்றோட்டமான இடம் வேண்டும். மேலே பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்கணும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

எண்ணெயைப் பொறுத்தவரை குளிர்முறைக் கன்னி எண்ணெய் தேவையில்லை. மரச்செக்கில் ஆட்டியது தாராளமாகப் போதும். ஆனால் காரல் அடித்த எண்ணெயைச் சோப்பில் போட்டு ஒழிக்கலாம் என்று நினைக்காதீங்க. ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் அப்படியே மிஞ்சி நிற்கும் சோப்பு இது. எண்ணெயின் வாடை சோப்பில் நிற்கும்.

உப்பிலும் தேர்வு வேண்டும். கல் உப்பை அப்படியே போட்டால் தோலைக் கீறும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரைத்து, சலித்துப் போடுங்க. பாத்தியிலிருந்து வந்த கசப்பும் ஈரமும் உள்ள உப்பில் மக்னீசியம் இருக்கும். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துச் சோப்பை வியர்க்க வைக்கும்.

தனித்தனி அச்சுதான் விவசாயிக்கு ஏற்றது

இனி அச்சுக்கு வருவோம். என் முதல் கருத்து இங்கேதான் தொடங்குகிறது.

பயிற்சிக்குப் போய் வருகிற பலரும் முதலில் வாங்குவது நீளமான பெட்டி அச்சு. ஒரே பெட்டியில் ஊற்றி, ரொட்டி மாதிரி வில்லை வில்லையாக வெட்டலாம். ஒரே அளவில் வரும், பார்க்க அழகாக இருக்கும், எண்ணிக்கை கூடும். மற்ற சோப்புக்கு இது சரி. மறுநாள் காலையில் நிதானமாக வெட்டலாம்.

உப்பு சோப்பு மறுநாள் வரை காத்திருக்காது. உப்பு சேர்ந்த கலவை சீக்கிரம் இறுகிவிடும். அதே நேரம், உப்புப் பரல்கள் நடுவில் நிற்பதால் கட்டி ஒன்றோடொன்று சரியாகப் பிடித்திருக்காது. ஊற்றிய ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், இன்னும் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். முந்தினால் கத்தியில் ஒட்டும். பிந்தினால் அச்சு வெல்லத்தைக் கத்தியால் அறுத்த மாதிரி ஓரமெல்லாம் உதிரும்.

சோப்பு மட்டுமே தொழிலாக இருப்பவர் அந்த மூன்று மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். நமக்கு அப்படியா? மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட ஓடணும். பால் கறக்கணும். காய் வெட்ட ஆள் வந்தால் கூடவே நிற்கணும். நம்ம வேலைக்காகச் சோப்பு காத்திருக்க வேண்டுமே தவிர, சோப்புக்காக நாம் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனிக் குழி உள்ள அச்சில் ஊற்றிவிட்டால் வெட்டும் வேலையே இல்லை. சாயங்காலம் எடுத்தாலும் சரி, மறுநாள் எடுத்தாலும் சரி.

சிலிக்கான் அச்சு சுலபம், பல ஆண்டு உழைக்கும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால், அடியில் 5 என்று குறியிட்ட பாலிப்ரொப்பிலீன் கிண்ணங்களே போதும். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருந்தால் தட்டினால் விழும். உள்ளே எண்ணெயை லேசாகத் தடவிக்கொள்ளுங்க. அலுமினிய இட்லித் தட்டு, அலுமினியப் பணியாரச் சட்டி வேண்டவே வேண்டாம். சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சோடா கரைக்கவும் எவர்சில்வர் அல்லது அதே வகைப் பிளாஸ்டிக்தான். சோப்புக்கு எடுத்த பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.

ஊற்றும் பதம் முக்கியம். சோடாக் கரைசலும் எண்ணெயும் கலந்து மோர் மாதிரி இருக்கும்போதே உப்பைப் போட்டால் உப்பு அடியில் தங்கிவிடும். தோசை மாவு பதம் தாண்டி இட்லி மாவு பதத்துக்கு வந்ததும் உப்பைப் போட்டு, நன்றாகக் கிளறி, தாமதிக்காமல் அச்சில் நிரப்புங்க. ஒவ்வொரு அச்சையும் இரண்டு மூன்று தடவை மேசையில் தட்டினால் காற்றுக் குமிழி வெளியேறும். ஒரு தடவைக்கு ஒரு கிலோ எண்ணெய்க்கு மேல் போகாதீங்க. அதற்கு மேல் போனால் கடைசி அச்சு நிரப்புவதற்குள் கலவை பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

பிசிறை எடுங்க, உருவத்தை மாற்றாதீங்க

அச்சிலிருந்து எடுத்த கட்டியின் மேல் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதைச் சீவத்தான் வேண்டும். காய்ந்தபின் அந்த ஓரம் கையைக் கீறும். அச்சிலிருந்து எடுத்த அன்றோ மறுநாளோ காய்கறித் தோல் சீவியால் மெல்லச் சீவினால் சுருள் சுருளாக வரும். ஒரு வாரம் கழித்துச் சீவினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கத்தி ஓரத்திலிருந்து கட்டியின் நடுவை நோக்கிப் போகட்டும். வெளிநோக்கிச் சீவினால் மூலை பெயர்ந்து வரும். இந்த நாட்களில் சோடா முழுதாக அடங்கியிருக்காது, கையுறையைக் கழற்றாதீங்க. சீவிய பிறகு ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். குழாயடியில் காட்டினால் மேலே இருக்கிற உப்பு கரைந்து அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

இதோடு நிறுத்திக்கொள்ளணும். ஆனால் சந்தையில் நான் பார்ப்பது வேறு. நாலு பக்கமும் சீவி, மூலையை மழுக்கி, மேலே முத்திரை குத்தி, நிறம் கூட்டி, வாசனைத் திரவியம் சேர்த்து, பளபளக்கும் தாளில் சுற்றி வைக்கிறார்கள். கால்வாசிக் கட்டி சீவலாகப் போகிறது. எதற்காக? கம்பெனி சோப்பு மாதிரி தெரிவதற்காக.

சொத்தைக் கத்தரிக்காய்க்கும் கோணல் வெள்ளரிக்கும் வெட்கப்படாமல் நின்றவர்கள் நாம். பூச்சி கடித்த இலையைக் காட்டி, "இது விஷம் அடிக்காத கீரை, அதான் பூச்சி தின்றிருக்கு" என்று வாடிக்கையாளருக்குப் புரிய வைத்தோம். சோப்பில் மட்டும் ஏன் இந்தத் தாழ்வு மனப்பான்மை? ஒரு கட்டி கொஞ்சம் கோணலாகவும், மேலே வெள்ளைப் பூத்தும், எடை பத்து கிராம் முன்னே பின்னேயும் இருக்கட்டும். எடையைப் போட்டு எழுதிக் கொடுங்க, அது போதும். அழகில் கம்பெனியோடு போட்டி போட்டால் நாம் தோற்போம். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது வேறு சொத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீவலை வீணாக்காதீங்க. ஈரம் இருக்கும்போதே கையுறையோடு உருண்டை பிடித்து, மற்ற கட்டிகளோடு காயவைத்தால் கைகழுவ ஆகும். மட்கு குழியில் மட்டும் போட வேண்டாம், அத்தனையும் சோடியம். பாத்திரம் அலசிய உப்புத் தண்ணீரும் காய்கறிப் பாத்திக்குப் போகக் கூடாது. தென்னை உப்பைத் தாங்கும் மரம், நன்றாக நீர்த்துப்போன அலசல் தண்ணீர் அங்கே போகட்டும்.

இன்னொன்றும் சொல்லணும். வேப்பெண்ணெய் தெளிக்கும்போது கரைப்பதற்குச் சோப்பு சேர்க்கிறோம் இல்லையா? அதற்கு உப்பு சோப்பை எடுத்துவிடாதீங்க. எண்ணெயும் சரியாகக் கலக்காது, உப்பு இலையையும் கருக்கும். அதற்கு உப்பில்லாத சாதா சோப்புதான்.

காயும் காலம்

வார்த்த கட்டி நாலு முதல் ஆறு வாரம் நிழலில், காற்றுப்படும் பலகையில் காயணும். இன்னும் இரண்டு மாதம் விட்டால் இன்னும் மென்மையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு சோப்பு வியர்த்துக்கொண்டே இருக்கும். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வார்த்தால் சித்திரை வெயிலில் நன்றாகக் காயும். "ஆர்டர் வந்திருக்கு" என்று பத்தே நாளில் எடுத்துக் கொடுப்பது பழுக்காத மாங்காயைக் கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குச் சமம். எப்போது கேட்டாலும் கிடைக்கும் பொருள் இது இல்லை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மாம்பழத்துக்கு ஒரு காலம் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு காலம்.

"கெமிக்கல் இல்லை" என்று சொல்லாதீங்க

இப்போது இரண்டாவது கருத்து. காஸ்டிக் சோடா தொழிற்சாலையில் தயாராகும் கடுமையான காரம். அது இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. "நாங்க சோடா போடல, மூலிகை மட்டும்தான்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் சோப்புக் கட்டியைக் கடையில் வாங்கி உருக்கி ஊற்றுகிறார், அல்லது உண்மையை மறைக்கிறார். உருக்கி ஊற்றும் அந்தக் கட்டியும் ஒரு தொழிற்சாலையில் காரம் போட்டுச் செய்ததுதான்.

உண்மை என்ன? சோடா போடுகிறோம். அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகிறது. கணக்குச் சரியாக இருந்து, காயவும் விட்டால், கட்டியில் சோடா தனியாக மிஞ்சாது. இதைச் சொல்வதில் என்ன குறைச்சல்? "சோடா போட்டோம், எவ்வளவு போட்டோம், எப்போது வார்த்தோம், இதோ எழுதியிருக்கோம்" என்று சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

அதேபோல் "பிஹெச் 5.5" என்று எழுதாதீங்க. எண்ணெயும் காரமும் சேர்ந்த உண்மையான சோப்பு 9, 10 என்ற அளவில்தான் நிற்கும். "முதல் தரம், 76 சதவீதம்" என்றும் எழுதாதீங்க. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்குக் கேட்கிற மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. நாம் அரைக் கிலோ உப்பைக் கொட்டியிருக்கிறோம். மேலே சொன்ன கணக்கில் காய்ந்த கட்டியில் கொழுப்புப் பொருள் 55 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். குறைவுதான், மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் இல்லாததை இருக்கிறதாகச் சொன்னால் அது மோசடி. சொறி, படை, சிரங்கு போகும் என்று சொல்வதும் அப்படித்தான். அது மருந்துக்கான உரிமைகோரல். வெட்டுக்காயத்தில் பட்டால் எரியும் என்பதைத்தான் முதலில் சொல்லணும்.

விஷமில்லாத உணவு என்று நாம் சொல்கிற சொல்லை நம்பித்தான் ஒரு குடும்பம் கூடுதல் காசு கொடுத்து நம் அரிசியை வாங்குகிறது. அந்தச் சொல்தான் நம் சொத்து. நம்மில் பலரிடம் சான்றிதழ் கிடையாது, விளம்பரமும் கிடையாது. சோப்பு விஷயத்தில் அந்தச் சொல் பொய்யானால், நாளைக்கு அரிசி விஷயத்தில் யார் நம்புவார்?

சட்டம் பற்றியும் பேசுவோம்

வீட்டு உபயோகத்துக்குச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விற்பனைக்குச் செய்தால், குளியல் சோப்பு ஓர் அழகுசாதனப் பொருள். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020 ஆகியவற்றின்படி மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் வாங்கணும். தனி இடம், தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளர் என்று நிபந்தனைகள் உண்டு. ஒரு தோப்புக்காரர் தனியாக இதைச் செய்வது கடினம்.

"யாரும் கேட்க மாட்டாங்க" என்று விற்பது வழி இல்லை. எனக்குத் தெரிந்து இரண்டு வழி உண்டு. ஒன்று, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுவோ ஓர் உரிமம் வாங்கி, ஒரே கூடத்தில், ஒரே கணக்கில், உறுப்பினர்களின் எண்ணெயை வைத்துச் செய்வது. கூடம் பொதுவாக இருந்தாலும் அச்சு சின்னதாகவே இருக்கட்டும். இன்னொன்று, நம் இயக்கம் அரசிடம் கேட்க வேண்டியது. உணவுப் பொருள் செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு எளிய பதிவு முறை இருக்கிறது. வீட்டு எண்ணெயில் சோப்பு செய்கிறவருக்கும் அப்படி ஒரு படி வேண்டும். பாதுகாப்பு விதி வேண்டாம் என்று கேட்கவில்லை. ஆலையை மனதில் வைத்து எழுதிய விதியை அடுப்படி அளவுக்கு இறக்கித் தாருங்கள் என்று கேட்போம்.

அதுவரைக்கும் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. அடுத்த வெட்டில் 11 காயை ஒதுக்கி வையுங்க. ஒரு கிலோ எண்ணெய், 146 கிராம் சோடா, அரைக் கிலோ உப்பு. காய்ந்த பிறகு நூறு கிராம் கட்டி பதினேழு வரும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூணு நாலு மாசம் ஓடும். கட்டியை வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் கூட ஓடும். தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் இதைச் செய்தால், விற்பனை என்ற பேச்சுக்கு முன்பே நம் பணம் ஊரில் தங்கத் தொடங்கிவிடும். விற்பதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம், சேர்ந்தே பேசலாம்.